புரோக்கரம்மா கேட்ட கேள்விகள்

எங்கள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது எவ்வளவு படித்திருக்கிறாய், ஸ்கூட்டி ஓட்டத் தெரியுமா, ஊர் ஊராக அலைய முடியுமா என்றெல்லாம் கேட்டார்கள். வாய் கூசாமல் பொய் சொல்லத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

என் வேலை இதுதான். ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று தெரிந்தவர்களுக்கு மருந்து தொடங்குவதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். இந்த ஆள் தினமும் தவறாமல் மாத்திரை போடுவாரா, குடியா, வேளாவேளைக்குச் சோறு உண்டா, எடுத்துக் கொடுக்க வீட்டில் யாராவது இருக்கிறார்களா, இருமல் காய்ச்சல் உண்டா என்று விசாரித்து வந்து மருந்து கொடுக்கும் மையத்தில் சொல்ல வேண்டும். மையம் எந்த ஊரில் என்று சொல்ல மாட்டேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும், அந்தப் பக்கம் வேப்பந்தட்டை மலையடிவாரம் வரைக்கும் பஸ்ஸிலேயே என் ஆயுசில் பாதி போய்விட்டது. அது போதும்.

வீட்டுக்குப் போவது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நம் ஊர்களில் ஒரு தெருவுக்குள் புதுமுகம் நுழைந்து பாருங்கள். "யாருங்க, எந்த ஊரு, யாரு வூட்டுக்கு வந்தீங்க?" என்று முதல் வீட்டிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றால் தீர்ந்தது கதை. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுக்காரன் பெயர் ஊரெல்லாம் நாறிவிடும். அதனால் எங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேஷம். நான் முதலில் மகளிர் குழு என்று சொல்லிப் பார்த்தேன். குழுக் கடன் வசூலுக்கு வந்திருக்கிறாள் என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்துகொண்டார்கள். இன்சூரன்ஸ் என்று சொன்னேன். போன தடவை வந்தவன் ஏமாற்றிவிட்டுப் போனானாம், அந்தக் கோபத்தையெல்லாம் என் மேல் கொட்டினார்கள். ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தேன் என்று ஒரு ஊரில் சொல்லிவிட்டு நான் பட்ட பாடு இருக்கிறதே, ஊரே கார்டைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தது. அட போங்கப்பா என்றாகிவிட்டது.

இன்னொரு கொடுமையும் உண்டு. மருந்து தொடங்க வரும்போது வீட்டு ஆள் ஒருவரைக் கூட அழைத்து வர வேண்டும் என்பது எங்கள் மையத்துப் பொறுப்பாளர் வைத்திருந்த கட்டளை. நல்லதுக்குத்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த நோயை வீட்டில் சொல்ல முடியாமல்தானே பாதிப் பேர் செத்துக்கொண்டிருக்கிறார்கள்? அவர்களிடம் போய் வீட்டு ஆளைக் கூட்டிவா என்றால் எங்கே போவார்கள்? பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆட்டோக்காரரைப் பிடித்து "சித்தப்பா" என்று கூட்டி வந்தான் ஒருவன். அடுத்த மாதம் அதே ஆட்டோக்காரர் வேறொரு பெண்ணுக்குப் பெரியப்பாவாக வந்தார். பொறுப்பாளர் கண்டுபிடித்துவிட்டார். அதிலிருந்துதான் இந்த வீட்டு விசாரணை இன்னும் இறுகிப்போனது.

முன்பு இதைவிட மோசம். உடம்பில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு இருக்கிறது என்று ரத்தத்தில் ஒரு எண் பார்ப்பார்கள். எண் நன்றாகக் குறைந்தால்தான் மருந்துக்குத் தகுதி. என் வீட்டுக்காரருக்கு எண் குறையவில்லை, "இப்ப வேணாம், அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் அப்புறம் போவதற்குள் ஆள் போய்விட்டார். எனக்குத் தகுதி வந்தது, நான் மாத்திரை போட்டுக்கொண்டு இன்றுவரை குத்துக்கல்லாக இருக்கிறேன். இப்போது அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, நோய் இருந்தால் உடனே மருந்து. அப்படித்தான் சட்டம் சொல்கிறது. சாமி வரம் கொடுத்துவிட்டது, பூசாரிதான் வீட்டு ஆளைக் கூட்டிவா என்கிறார். தகுதி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சல் இல்லாவிட்டால் இந்த வேலையை எப்போதோ விட்டிருப்பேன்.

அரியலூருக்கு அப்பால், சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பக்கம் ஒரு ஊர். அங்கிருந்து வந்தவர் ஒரு ஜேசிபி ஓட்டுபவர். வயது முப்பத்து நான்கு, கல்யாணமாகவில்லை. எப்படி வந்தது என்று நான் யாரிடமும் கேட்பதில்லை, அவரிடமும் கேட்கவில்லை. எண் ரொம்பவும் இறங்கிப்போயிருந்தது. தாமதிக்கக் கூடாது என்றார் டாக்டர். ஆனால் நெஞ்சில் டி.பி. இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும், இருப்பது தெரியாமல் இந்த மருந்தைத் தொடங்கினால் அது சீறிக்கொண்டு கிளம்பிவிடும் என்றும் சொன்னார். வீட்டு ஆளோடு வா, எக்ஸ்ரே எடுத்துச் சளியும் பார்த்துவிடுவோம் என்று அனுப்பினார்கள். போனவர் போனவர்தான். போன் போட்டால் எடுப்பதில்லை. பிறகு என் நம்பரையே தடுத்து வைத்துவிட்டார்.

"வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வாம்மா. ஃபிட்டா அன்ஃபிட்டா, ஒரு வார்த்தையில சொல்லு" என்றார் பொறுப்பாளர். ஏதோ பழைய லாரிக்குச் சான்றிதழ் கொடுப்பது போல.

பஸ்ஸை விட்டு இறங்கினால் அந்த ஊரில் வேப்பமரம்கூட வெள்ளையாக நிற்கிறது. கல் லாரிகள் போய் வந்து ஒரு இலையில் பச்சை கிடையாது. வீட்டை விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். அவருடைய அம்மா வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார், கறுத்து இறுகிய உடம்பு. எதிர்வீட்டில் ஒருத்தி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு தலை நீண்டது.

"யாரும்மா நீ? என்னா விசயம்?"

மகளிர் குழு என்று சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். அதே வாசலில் குழுக்காரி ஒருத்தி கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள்! நான் என்ன செய்வேன்? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"பெரம்பலூர்லேருந்து வரேன்க்கா. ஒரு கல்யாண விசயமா."

அந்தம்மா கையிலிருந்த தழை கீழே விழுந்தது. "புரோக்கரா? வா தாயி, வா, உள்ள வா! ஏண்டி, ஓடிப்போயி ஒரு கலர் வாங்கியா!" என்று எதிர்வீட்டுக்காரியை விரட்டினார். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போன பிடி இருக்கிறதே, வளையல் நசுங்கிவிட்டது. நாற்காலியில் கிடந்த துணியை அள்ளி எறிந்து என்னை உட்கார வைத்து, காற்றாடியைச் சுழல விட்டு, "நீயா தேடி வந்தியே, உனக்குக் கோடிப் புண்ணியம்" என்றார். ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஆனால் ஓணான் யார், மடி யாருடையது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இந்தப் பக்கத்தில் முப்பது தாண்டிய பையன்களுக்குப் பெண் கிடைக்காமல் தாய்மார்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தையைச் சொன்னேன் பாருங்கள். கலர் வருவதற்குள் தெருப் பெண்கள் வந்துவிட்டார்கள்.

"எம் மவனையும் பாரு தாயி. சொந்த வூடு, ரெண்டு ஏக்கரு. வெவசாயம்னு சொன்னாலே பொண்ணு வூட்ல போனை வச்சிடறாளுங்க."

"எங்க பையன் துபாய்ல இருக்கான். வயசு கொஞ்சம் கூடுதல்தான். நாப்பதுன்னு வெளிய சொல்லாத, முப்பத்தாறுன்னே சொல்லு."

என் நம்பரைப் பிடுங்கிக்கொண்டார்கள். அங்கேயே உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளை போட்டோக்களை அனுப்ப ஆரம்பித்தார்கள். என் கைப்பை அதிர்ந்துகொண்டே இருந்தது. இன்றைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் அந்த ஊரிலிருந்து இரண்டு மாப்பிள்ளைகள் எனக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள்.

அந்தச் சமயம் பார்த்து அந்த ஜேசிபி ஓட்டுபவர் வந்தார். வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு சட்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டிருந்தார், அப்படியும் தோளெலும்பு தெரிந்தது.

"பெரம்பலூர் புரோக்கரம்மாடா, உனக்குத்தான் எடம் கொண்டாந்திருக்கு" என்றார் அம்மா.

"ம்" என்றார் அவர். வேறென்ன சொல்வார், பாவம்? எதிர்வீட்டுக்காரி எனக்குக் கலரோடு அவருக்கென்று கொண்டுவந்த டீ டம்ளரை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்.

சரி, வேஷம் போட்டாகிவிட்டது, வந்த வேலையைப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். நான் கேட்க வேண்டிய கேள்விகள் அத்தனையும் பெண் வீட்டார் கேட்கிற கேள்விகளாகவே இருந்தது ஒரு வகையில் வசதி என்றுகூட நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

"பொண்ணு வூட்ல விசாரிக்கச் சொன்னாங்கக்கா. தம்பிக்குக் குடிப்பழக்கம் உண்டா?"

"சீச்சீ! டீகூடக் குடிக்காது எம் புள்ள" என்றார் அம்மா. டீ டம்ளர் அவர் மகன் கையில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"நேரத்துக்குச் சாப்பிடுவாரா?"

"மணி அடிச்சா சோறு. ஒரு குண்டான் வச்சாலும் பத்தாது."

"ஒடம்பு கொஞ்சம் எளச்சாப்ல இருக்கே?"

"இப்ப எளச்சிருக்கறதுதான தாயி ஸ்டைலு? காசு கட்டி ஜிம்முக்குப் போயில்ல எளைக்கறானுவ."

"ராத்திரியில நல்லாத் தூங்குவாரா?"

"கட்டையாட்டம் தூங்கும். இடி விழுந்தாலும் தெரியாது."

"இருமல், காய்ச்சல்னு ஏதாச்சும்?"

"இருமலா? எங்க பரம்பரைக்கே அந்தப் பேச்சு கெடையாது" என்று அந்தம்மா சொல்லி வாய் மூடவில்லை, மகனுக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது இருமல். அவர் எழுந்து கொல்லைப் பக்கம் ஓடினார். அம்மா சட்டென்று தன் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அவரைவிடச் சத்தமாக இருமினார். "நான்தான், எனக்குத்தான். லாரித் தூசி" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஆமாம் ஆமாம், தூசிதான் என்றார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு தெருவே சேர்ந்து பண்ணியது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ராத்திரியில் அவர் எப்படி இருமுகிறார், எப்படி வேர்க்கிறது, எவ்வளவு சோற்றை ஒதுக்கி வைக்கிறார் என்று இந்த உலகத்தில் ஒருத்தருக்குத்தான் தெரியும், அது அவர் அம்மாவுக்கு. ஆஸ்பத்திரிக்காரியாகப் போயிருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டியிருப்பார். நான் புரோக்கராகப் போய் உட்கார்ந்து அந்த வாயை நானே பூட்டிவிட்டேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

முகம் கழுவிக்கொள்கிற சாக்கில் கொல்லைக்குப் போனேன். அவர் தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் குந்தியிருந்தார்.

"என்னாக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நீ போனை எடுத்திருந்தா நான் ஏன் தம்பி இந்தக் கூத்துக் கட்டுறேன்? இருமல் எத்தனை நாளா?"

"மைன்ஸ் தூசிக்கா."

"ராத்திரி வேர்க்குதா?"

"இல்ல."

"பொய். ஒங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு மையத்துக்கு வா. நான் கூட இருந்து பேசறேன்."

"எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடும்க்கா."

"தெரியாட்டி நீ செத்துடுவ. ரெண்டுல எது பரவால்ல, சொல்லு" என்றேன். அப்படிப் பேசக் கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பயிற்சி கொடுத்தவர்கள் யாரும் அந்தக் கொல்லையில் வந்து நிற்கவில்லை.

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானே போய் அந்தம்மாவிடம் சொல்லிவிடவும் முடியாது. ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறதென்று அவர் சம்மதிக்காமல் பெற்ற தாயிடம்கூட நாங்கள் வாய் திறக்கக் கூடாது. நியாயமான சட்டம். என் விஷயத்தில் யாரோ அதை மீறி என் மாமியார் வீட்டில் போட்டுக் கொடுத்து நான் பட்டது எனக்குத்தான் தெரியும். நியாயமான சட்டத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு, அந்தம்மா பொரித்துக் கொடுத்த அப்பளத்தையும் தின்றுவிட்டு, வெள்ளைத் தூசியில் நடந்து வந்து பஸ் ஏறினேன்.

"ஃபிட்டா, அன்ஃபிட்டா?" என்றார் பொறுப்பாளர்.

"அவருக்கு இருமல் இருக்கு சார். வீட்ல இல்லன்னு சொல்றாங்க."

"தயாரா இல்லன்னு எழுதிடவா?"

தயாராக இல்லை என்று எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு ஓரமாக வைத்துவிட்டு அவராக வரட்டும் என்பார்கள். அப்புறம் வாங்க என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? "எழுதாதீங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேனே தவிர எப்படி என்று தெரியவில்லை. புரோக்கர் வேஷத்தை வைத்தே முயன்று பார்ப்போம் என்று அந்தம்மாவுக்குப் போன் போட்டேன்.

"யக்கா, பொண்ணு வூட்ல எல்லாம் புடிச்சுப் போச்சாம். மாப்பிள்ளைக்கு நெஞ்சு எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துப் பாத்துடலாம்னு சொல்றாங்க. இப்பல்லாம் அப்படித்தான்..."

"என்னாது? எக்ஸ்ரேயா?" போனுக்குள்ளிருந்து கையை நீட்டி அறைவது போலிருந்தது குரல். "எம் மவன் என்னா சந்தை மாடா, பல்லப் புடிச்சுப் பாக்கறதுக்கு? ஆம்பளப் புள்ளைக்குச் செக்கப்பு கேக்கற வூட்டுல எனக்குச் சம்பந்தமே வேணாம். வை போனை!" நான் வைப்பதற்குள் அவரே வைத்துவிட்டார்.

சாயங்காலம் மகன் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டுச் சண்டை போட்டார். எங்க அம்மாகிட்ட ஏன் பேசினீங்க, இனிமே எங்க பக்கம் வராதீங்க என்றார். பேசும்போதே நடுவில் இருமல் வந்து, வார்த்தை முடியாமல் போனைத் துண்டித்தார். நான் அன்று யார் மேல் எரிந்து விழுந்தேன் என்று கணக்கில்லை. பஸ் கண்டக்டர், பால்காரர், என் மகள். "நீ என்னா அவருக்கு அம்மாவா?" என்று கேட்டாள் மகள். வாயை மூடு என்றேன்.

மூன்று நாள் கழித்துக் காலையில் அந்தம்மா கூப்பிட்டார். குரல் அடங்கியிருந்தது. "புரோக்கரம்மா, ஒன்ன நேர்ல பாக்கணும். எங்க வரட்டும்?" அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னேன்.

நான் போனபோது ஏற்கெனவே வந்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நல்ல புடவை கட்டி, தலையை எண்ணெய் வைத்து வாரியிருந்தார். விசேஷத்துக்குப் போகிறவர் போலிருந்தது, கண் மட்டும் வீங்கியிருந்தது. டீ சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"அந்தப் பொண்ணு வூட்டுல வேணாம்னு சொல்லிடு தாயி."

"ஏன்க்கா? எக்ஸ்ரே கேட்டதுக்கா?"

"அதுக்கில்ல. அன்னைக்கு நீ கேட்டப்ப நான் சொன்னது அம்புட்டும் பொய்யி." தலையைக் குனிந்துகொண்டார். "எம் மவன் ஆடியிலேருந்து இருமறான். ராத்திரியில வேர்த்து ஊத்துது, நான்தான் ரெண்டு தடவ பனியனை மாத்தி வுடறேன். சாயங்காலமானா மேலு சுடுது. வச்ச சோறு வச்சபடி கெடக்குது. பேன்ட்டு இடுப்புல நிக்கல, பெல்ட்டுல ஆணி வச்சுப் புதுசா ஓட்ட போட்டிருக்கான். என்னான்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறான். எனக்கு என்னமோ பயமாருக்கு."

ஒரு வாரமாக எந்தப் பதிலுக்காக ஊர் ஊராக நாய் மாதிரி அலைந்தேனோ, அத்தனையும் அந்தச் சிமென்ட் பெஞ்சில் வரிசையாக வந்து விழுந்தது.

"என்னையும் இப்படித்தான் கட்டி வச்சாங்க. அந்த மனுசனுக்கு நெஞ்சுச்சளி. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, இருமினா தெரிஞ்சிடும்னு வாயில வெத்தலையப் போட்டுக் கூட்டியாந்தாங்களாம். இவன் தவழறப்ப நான் தாலிய அறுத்துட்டேன். அந்த வூட்டுக்காரவுங்களக் காலமெல்லாம் சபிச்சுக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு நான் போனை வச்ச பெறவு ஒக்காந்து நெனச்சுப் பாக்கறேன், நானும் அதேதான பண்ணியிருக்கேன்? அந்தப் பொண்ணு யாரு பெத்ததோ. அது முகம்கூட எனக்குத் தெரியாது. அது வந்து எங்க வூட்ல வெள்ளச் சீல கட்டணுமா? வேணாம் தாயி. நீ போயிச் சொல்லிடு. இருமல்னே சொல்லிடு. எங்களைக் கேவலமா நெனச்சாலும் பரவால்ல."

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. என் மேல், பொறுப்பாளர் மேல், அந்தப் பிள்ளை மேல், வாயில் வெற்றிலை போட்டுப் பெண் பார்க்கப் போன அந்தக் காலத்து மனிதர் மேல். இருமலை மறைக்காதீர்கள் என்று நான் நோட்டீஸ் கொடுத்துச் சொல்லியும் கேட்காத ஜனம். இந்தம்மாவோ, பிறக்கவே பிறக்காத ஒரு பெண்ணுக்காக மூன்று ராத்திரி தூங்காமல் கிடந்து, பஸ் ஏறி வந்து ஒப்புக்கொள்கிறார். அப்படி ஒரு பெண்ணே இல்லை என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அப்போ நீ யார் என்ற கேள்வி வரும்.

"செத்த இருங்கக்கா" என்று எழுந்துபோய், ஜூஸ் கடை ஓரமாக நின்று மகனுக்குப் போன் போட்டேன். என் நம்பரை அவர் தடுத்திருந்ததால் மகளின் போனைக் கையோடு வாங்கி வந்திருந்தேன், அதிலிருந்து போட்டேன், எடுத்தார்.

"ஒங்க அம்மா அரியலூர் பஸ் ஸ்டாண்டுல எங்கூட ஒக்காந்திருக்கு. பொண்ணு வேணாம்னு சொல்ல வந்திருக்கு. நீ ராத்திரி பனியன் மாத்தறது வரைக்கும் அழுதுகிட்டே சொல்லிட்டுது. வந்து நீயா பேசு தம்பி. இல்ல, இல்லாத பொண்ணுக்காக அது இன்னும் எத்தனை நாளு அழணும்?"

மண் அள்ளுகிற இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

தலையிலிருந்து கால் வரை வெள்ளைத் தூசியோடு பைக்கில் வந்து இறங்கினார். அம்மா பதறி எழுந்தார். "என்னடா, வேலையப் போட்டுட்டு? நான் ஒண்ணும் சொல்லலடா, சும்மாதான்..."

"அம்மா, இவங்க புரோக்கர் இல்ல."

"பின்ன?"

"மருந்து குடுக்கற எடத்துலேருந்து வந்தவங்க. எனக்காகத்தான் வந்தாங்க." அவர் பெஞ்சில் உட்கார்ந்து, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து காதோரமாக அந்த நோயின் பெயரைச் சொன்னார். திருச்சி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அம்மாவுக்குக் கேட்டிருக்குமா என்று எனக்குச் சந்தேகம். கேட்டிருந்தது. முகத்தில் அசைவே இல்லாமல் எதிரே நின்ற பஸ்ஸையே பார்த்தார். செத்துவிடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு மருந்து இருக்கா?"

"இருக்குக்கா. தெனமும் சாப்பிடணும். நானும் அதைத்தான் இத்தனை வருசமா சாப்பிடறேன்."

என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் பார்த்தார். ஆட்டுச் சந்தையில் பார்ப்பது போல நிதானமாக, பல்லைக்கூட விடாமல் பார்த்தார். நல்லாத்தான் இருக்கிறாள் என்று முடிவு செய்திருப்பார் போல, மூச்சை விட்டார். உடனே அடுத்த கேள்வி வந்தது.

"அப்ப அந்தப் பொண்ணு?"

"பொண்ணெல்லாம் யாரும் இல்லைக்கா. சும்மா சொன்னேன்."

"அடிப்பாவி!" பஸ் ஸ்டாண்டே திரும்பியது. "இல்லாத பொண்ணுக்கா நான் மூணு நாளா அன்னந்தண்ணி எறங்காம கெடந்தேன்? ஒங்களுக்கெல்லாம் நல்ல சாவு வருமா? மொதல்லயே மருந்துக்காரின்னு சொல்லித் தொலைக்கறதுக்கு என்னாடி?"

திட்டட்டும் என்று நின்றேன். சொன்னால் தெருவே தெரிந்துகொள்ளும், சட்டம் விடாது என்றெல்லாம் விளக்க எனக்குத் தெம்பில்லை. திட்டி முடித்து, முந்தானையால் முதலில் மகன் முகத்துத் தூசியைத் துடைத்தார், பிறகு தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எப்ப வரணும்?" என்றார்.

மறுநாள் காலை மையத்தில் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பொறுப்பாளர் எட்டிப் பார்த்து, வீட்டு ஆள் வந்தாச்சா என்றார். வந்தாச்சு என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. சின்ன வயசு டாக்டர், நல்ல மாதிரி. எதிரே தாயையும் மகனையும் உட்கார வைத்தார். நான் சுவரோரமாக நின்றேன்.

"இருமல் இருக்கா?" என்றார் டாக்டர்.

"அதெல்லாம் இல்ல சார்" என்றார் மகன், பழக்க தோஷத்தில். "மைன்ஸ் தூசி."

அந்தம்மா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"பொய் சொல்லாதடா. இங்க யாரும் உனக்குப் பொண்ணு குடுக்கப் போறதில்ல."